தாளுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு ஜென்ம விரோதியாகச் சில சொற்கள் வாய்ப்பதுண்டு. என் விரோதி ‘ஒர்க்கிங் கிளாஸ்’. தொழிலாளி வர்க்கம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்தான். ஆனால் அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் அந்தச் சொல் வரும்போது அர்த்தமே வேறு. அங்குள்ள கருத்துக் கணிப்பாளர்கள் பலர் அந்தப் பெயரால் குறிப்பிடுவது, நான்கு வருடக் கல்லூரிப் பட்டம் பெறாதவர்களை. சொந்தமாக நான்கு வேன்கள் வைத்துக் குழாய் ரிப்பேர் தொழில் நடத்தி, கைநிறையச் சம்பாதிப்பவரும் அந்தக் கணக்கில் தொழிலாளிதான். கடன் வாங்கி இலக்கியம் படித்துவிட்டு காபி கடையில் கோப்பை கழுவுகிறவர் அதில் சேர்த்தியில்லை.

முதலாளி, கூலி, உடைமை என்று வர்க்கத்துக்கு இலக்கணம் கற்ற நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் கணிப்பாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. யார் எந்த வேலைக்கு மனுப் போடலாம் என்பதில் தொடங்கி, யார் எத்தனை வருடம் உயிர் வாழ்வார் என்பது வரை, அந்த ஒரு தாளை வைத்தே அமெரிக்கா இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1940ல், 25 வயதைக் கடந்த அமெரிக்கர்களில் 20 பேருக்கு ஒருவர்கூடப் பட்டதாரி இல்லை. 1944ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் கதவைத் திறந்துவிட்டது. போரிலிருந்து திரும்பிய சுமார் 22 லட்சம் பேர் அரசு செலவில் கல்லூரிக்குப் போனார்கள். தென் மாநிலங்களின் கறுப்பின வீரர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுபோனது. இன்று 10 பேரில் ஏறக்குறைய 4 பேர் பட்டதாரிகள். சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் மீதி 6 பேர்? 20ல் ஒருவர் படித்திருந்த காலத்தில் படிக்காதது யாருக்கும் இழுக்காக இல்லை. இன்று நாட்டின் பெரும்பான்மையே ஏதோ ஒன்றில் தேறாதவர்களாகப் பார்க்கப்படுகிறது.

தாளுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒருமுறை கேட்டிருக்கிறது. வட கரோலினா மாநிலத்தில் ட்ரேப்பர் என்ற ஊரில் டியூக் பவர் நிறுவனத்துக்கு ஓர் அனல் மின்நிலையம் இருந்தது. அங்கே கறுப்பினத்தவருக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டிப் பெருக்கும் ‘லேபர்’ பிரிவு மட்டும்தான். அந்தப் பிரிவின் அதிகபட்சச் சம்பளம், இயக்கம், பராமரிப்பு போன்ற பிரிவுகளின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைவு. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1965 ஜூலை 2ல் அமலுக்கு வந்தது. அதே நேரத்தில் நிர்வாகத்தின் விதிகளும் மாறின. லேபர் பிரிவிலிருந்து மேலே போக வேண்டுமா? ஹைஸ்கூல் சான்றிதழ் காட்ட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் அத்துடன் இரண்டு தேர்வுகளும் எழுத வேண்டும்.

விதி எல்லோருக்கும் பொதுதானே என்று கேட்கலாம். 1960 கணக்கெடுப்பின்படி வட கரோலினாவின் வெள்ளை ஆண்களில் ஹைஸ்கூல் முடித்தவர்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்களில் 12 சதவீதம். விதி வருவதற்கு முன்பே உள்ளே நுழைந்துவிட்ட வெள்ளையர்களோ, சான்றிதழ் இல்லாமலேயே நன்றாக வேலை செய்து பதவி உயர்வும் பெற்றுக்கொண்டிருந்தார்கள். நிலையத்தில் இருந்த 14 கறுப்பின ஊழியர்களில் 13 பேர் வழக்குப் போட்டார்கள். வில்லி க்ரிக்ஸ் என்பவரின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில் 1971 மார்ச் 8ல் தலைமை நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பளித்தார். வேலைத் திறமையோடு தொடர்பில்லாத ஒரு தகுதி ஓர் இனத்தாரை வெளியே நிறுத்துமானால் அது செல்லாது. நிர்வாகத்தின் உள்நோக்கம் என்ன என்பது பொருட்டில்லை.

அருமையான தீர்ப்பு. ஆனால் சட்டம் பாதுகாத்த பட்டியலில் இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு ஆகியவை இருந்தன. வர்க்கம் இல்லை. சான்றிதழ் இல்லாத ஏழை வெள்ளையர், தான் ஏழை என்பதற்காக அந்தக் கேள்வியை எழுப்ப வழியில்லை. 1977 செப்டம்பர் 19ல் ஒஹையோவின் யங்ஸ்டவுன் பகுதியில் கேம்பெல் எஃகு ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. பள்ளிப்படிப்போடு நேரே ஆலைக்குள் நுழைந்து, வீடு வாங்கி, பிள்ளைகளை வளர்த்த தலைமுறை அது. அதன் பிறகு இரு கட்சித் தலைவர்களும் சொன்ன புத்திமதி ஏறத்தாழ ஒன்றுதான்: போய்ப் படியுங்கள்.

படித்தார்கள். மத்திய அரசின் கல்விக் கடன் மட்டும் இன்று 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல். கடனாளிகள் 4 கோடிக்கு மேல். படிக்காதவர்களுக்கோ, தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலராக 2009லிருந்து நகரவே இல்லை. பொருளாதார நிபுணர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் 2015 முதல் மரணப் பதிவுகளை அலசினார்கள். தற்கொலை, போதை மருந்து, குடி ஆகியவற்றால் நடுவயதில் இறப்பவர்கள் பெருமளவில் பட்டம் இல்லாதவர்கள் என்று கண்டார்கள். கோவிட் பரவிய 2021ல் பட்டதாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் எதிர்பார்ப்பில் இருந்த இடைவெளி சுமார் எட்டரை வருடம்.

இதைத் தூர தேசத்துச் செய்தியாக மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடிவதில்லை. நான் முதலில் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு புரூஃப் ரீடர் அண்ணன் இருந்தார். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று நன்னூல் படித்த எனக்கே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவேன். உதவி ஆசிரியர் பதவிக்குப் பட்டம் கட்டாயம் என்றது நிர்வாகம். எம்.ஏ. தமிழ் என்ற தாள் இருந்ததால் எனக்கு நாற்காலி கிடைத்தது. அவர் அதே புரூஃப் மேசையிலிருந்து ஓய்வு பெற்றார். ஒரு நாளும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. டியூக் பவர் வழக்கைப் படித்தபோது அவர் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

அமெரிக்காவில் இப்போது சின்ன அசைவு தெரிகிறது. மேரிலாண்ட் 2022ல் ஆயிரக்கணக்கான மாநில அரசு வேலைகளுக்குப் பட்டம் தேவையில்லை என்றது. பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷாபிரோ 2023 ஜனவரியில் பதவியேற்றதும் பிறப்பித்த முதல் உத்தரவு, 92 சதவீத அரசு வேலைகளுக்கு, அதாவது சுமார் 65,000 பணியிடங்களுக்கு, அந்த நிபந்தனையை நீக்கியது. விளம்பரத்தில் ஒரு வரியை அடித்துவிடுவது சுலபம். நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிற பட்டதாரி, வந்திருப்பவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று விசாரிப்பாரா, எங்கே படித்தாய் என்று ஆரம்பிப்பாரா? அதை எந்த ஆளுநரும் உத்தரவு போட்டுத் தீர்மானிக்க முடியாது.