தொலைபேசி: கம்பிக்கு யார் காசு கொடுப்பது?

1990களில் மதுரை பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றி இரவு பதினோரு மணிக்கு ஒரு கூட்டம் நிற்கும். செகண்ட் ஷோ கூட்டம் இல்லை. எஸ்.டி.டி. பூத் வாசலில் நிற்கிற கூட்டம். பதினோரு மணிக்கு மேல் பேசினால் கால் கட்டணம்தான், அதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. கண்ணாடிக் கூண்டுக்குள் பேசுகிறவருடைய கண் மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களை விட்டு நகராது. "சாப்பிட்டியா? உடம்பு எப்படி இருக்கு? சரி, வச்சிடறேன், காசு ஓடுது!"

தொலைபேசியின் வரலாறு என்றால் பள்ளிப் பாடத்தில் ஒரே வரிதான்: கண்டுபிடித்தவர் கிரகாம் பெல், ஆண்டு 1876. ஆனால் தொலைபேசித் தொழிலின் வரலாறு வேறு. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி அந்தக் கூண்டுக்குள் கேட்டதுதான். காசு யார் கொடுப்பது?

விற்கவில்லை, வாடகைக்கு விட்டார்கள்

பெல்லுக்கு 1876 மார்ச் 7ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனைக் கருவி வழியாகக் கூப்பிட்டார். இது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வருடம் நடந்ததுதான் காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது. பெல்லின் மாமனார் கார்டினர் ஹப்பர்டு ஒரு வழக்கறிஞர். கருவியை விற்க வேண்டாம், வாடகைக்கு மட்டும் விடலாம் என்று முடிவு செய்தவர் அவர்தான். 1877ல் வீட்டுத் தொலைபேசிக்கு வருடம் 20 டாலர், வியாபாரத்துக்கு 40 டாலர். விற்றால் ஒருமுறைதான் காசு, வாடகை என்றால் வருடா வருடம் காசு! நம் ஊர் லேண்ட்லைன் பில்லில் "மாத வாடகை" என்று ஒரு வரி இருக்குமே, அதன் ஆரம்பம் இங்கேதான்.

21 பேரும் 210 கம்பியும்

முதலில் இரண்டு தொலைபேசிக்கு நடுவே ஒரு கம்பி இழுத்தார்கள். வீட்டிலிருந்து கடைக்குப் பேச ஒரு கம்பி, கடையிலிருந்து கிடங்குக்கு இன்னொன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 பேர் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் பேச வேண்டுமென்றால் 210 கம்பி வேண்டும். எல்லாக் கம்பியையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து இணைத்துக் கொடுத்தால் 21 கம்பியே போதும்.

அந்த இடம்தான் எக்ஸ்சேஞ்ச். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878 ஜனவரி 28 அன்று முதல் வணிக எக்ஸ்சேஞ்ச் 21 சந்தாதாரர்களுடன் தொடங்கியது. கருவியைக் கண்டுபிடித்ததற்குச் சமமான மைல்கல் இது. அதே வருடம் செப்டம்பரில் எம்மா நட் என்ற பெண் பாஸ்டனில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் ஆபரேட்டர் அவர்தான். அதுவரை அந்த வேலையைப் பார்த்த பையன்கள் சந்தாதாரர்களிடம் மரியாதை இல்லாமல் பேசினார்களாம்.

அந்த ஆபரேட்டர் மீது வந்த கோபத்தில்தான் அடுத்த மைல்கல் பிறந்தது என்பார்கள். ஆல்மன் ஸ்ட்ரோஜர் கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்து தரும் தொழில் செய்தவர். போட்டிக் கடைக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாராம். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை அந்தப் பெண் கணவருக்கே திருப்பிவிடுகிறார் என்று ஸ்ட்ரோஜருக்குச் சந்தேகம். ஆளே இல்லாமல் இணைக்கும் எக்ஸ்சேஞ்சை அவரே வடிவமைத்து, 1891ல் காப்புரிமை வாங்கிவிட்டார்! பிற்பாடு பெங்களூரில் 1948ல் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலை, இந்தியாவுக்காகத் தயாரித்தது இந்த ஸ்ட்ரோஜர் வகை எக்ஸ்சேஞ்சுகளைத்தான்.

சென்னைக்கு சீக்கிரமே வந்தது

ஆச்சரியம் என்னவென்றால், இந்தியா இதில் பின்தங்கவே இல்லை. 1880ல் இரண்டு ஆங்கிலக் கம்பெனிகள் அனுமதி கேட்டன. தொலைபேசி அரசின் ஏகபோகம், நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று அரசு மறுத்தது. மறு வருடமே மனம் மாறி, ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டதாக அறிவித்தார்கள். நியூ ஹேவனுக்கு நாள் பிசகாமல் நான்கு வருடம் கழித்து! கல்கத்தாவில் அப்போது 93 சந்தாதாரர்கள்.

நான்கே வருடத்தில் சென்னைக்கு வந்த தொலைபேசி மதுரைச் சீமையின் கிராமங்களுக்குப் போக ஏன் நூறு வருடத்துக்கு மேல் ஆனது?

வேலிக் கம்பியும் ஒரு சட்டமும்

பெல்லின் காப்புரிமைகள் 1893, 1894ல் காலாவதியாயின. உடனே அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான சிறு கம்பெனிகள் முளைத்தன. பெரிய கம்பெனி எட்டிப் பார்க்காத கிராமங்களில் விவசாயிகளே கூட்டுறவாகச் சேர்ந்து லைன் போட்டார்கள். சில இடங்களில் தனிக் கம்பிகூட இழுக்கவில்லை, வயலைச் சுற்றி இருந்த முள்வேலிக் கம்பியிலேயே பேசினார்கள்!

திருமங்கலத்துப் பருத்திக்காரரோ உசிலம்பட்டி விவசாயியோ இதைச் செய்திருக்க முடியுமா? முடியாது. 1885ஆம் வருட இந்தியத் தந்திச் சட்டம் தந்தி, தொலைபேசி அமைக்கும் தனி உரிமையை அரசுக்குக் கொடுத்தது. வேறு யாரும் செய்ய வேண்டுமானால் உரிமம் வேண்டும். 1943ல் மூன்று பெருநகரத் தனியார் கம்பெனிகளையும் அரசே எடுத்துக்கொண்டது. சுதந்திரம் கிடைத்தபோது நாடு முழுவதும் இருந்தவை சுமார் 82,000 தொலைபேசிகள். 1885ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது 2023ல்தான்.

கருவி இருந்தது, பேச ஆசைப்பட்ட ஆட்களும் இருந்தார்கள். கம்பிக்குப் பணம் போட அரசுக்கு வசதி இல்லை. மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. மிச்சம் இருந்தது காத்திருப்பு. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அவசரம் என்றால் "அர்ஜென்ட்", இரண்டு மடங்கு. சாவுச் செய்தி சொல்ல வேண்டுமென்றால் "லைட்னிங் கால்", எட்டு மடங்கு. வீட்டுக்கு இணைப்பு கேட்டவர்கள் வருடக்கணக்கில் பட்டியலில் இருந்தார்கள். கூடுதல் டெபாசிட் கட்டினால் முந்தலாம், அதற்கு "ஓ.ஒய்.டி." என்று தனித் திட்டமே இருந்தது.

மேலூர் கணக்கு

1984ல் தொடங்கிய சி-டாட், ஏ.சி. அறை தேவைப்படாத, வெயிலும் தூசியும் தாங்கும் 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. 1986ல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் வைத்தார்கள். எக்ஸ்சேஞ்ச் பிரச்சினை ஓரளவு தீர்ந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுவரை போகும் கம்பியின் செலவு அப்படியே நின்றது.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா அன்று எல்லா மேடைகளிலும் சொன்ன கணக்கு இது. 1990களில் ஒரு லைன் போட சுமார் 40,000 ரூபாய் ஆனது. வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து வருடம் 35 சதவீதம் என்று வையுங்கள். 14,000 ரூபாய் வருகிறது. மாதம் கிட்டத்தட்ட 1,170 ரூபாய். அன்றைக்கு எத்தனை வீட்டில் அதைக் கட்ட முடியும்? அதே லைன் 10,000 ரூபாய்க்கு முடிந்தால் மாதம் 300 ரூபாய்க்குள் வந்துவிடும்.

அவருடைய குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' முறையில் வீட்டுக்குக் கம்பியே இல்லை. கோபுரத்திலிருந்து நேர்பார்வையில் பத்து கிலோமீட்டர் வரை ரேடியோ அலை வழியே பேசலாம், இணையமும் பார்க்கலாம். இதை வைத்து 2001ல் மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற திட்டம் வந்தது. சுமார் 50,000 ரூபாய் முதலில் கிராமத்துக்காரர் ஒருவரே நடத்தும் கியோஸ்க். தாலுகா அலுவலகத்துக்கு மனு அனுப்பினார்கள், அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதைப் பார்க்க வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆட்கள்கூட மேலூருக்கு வந்தார்கள்.

சில வருடங்களில் பெரும்பாலான கியோஸ்க்குகள் மூடப்பட்டன. வருமானம் போதவில்லை. பழுது பார்க்க ஆதரவு குறைந்தது. அதிகாரிகள் மாறியதும் மனுச் சேவை படுத்துவிட்டது. அதற்குள் 2003ல் செல்போனில் இன்கமிங் இலவசமானது. 2004 அக்டோபரில் இந்தியாவில் செல்போன் எண்ணிக்கை லேண்ட்லைனைத் தாண்டியது. கம்பி வேண்டாம் என்று மேலூரில் பிடித்த வழி சரிதான், ஜெயித்தது வேறு கருவி.

பூத்துகளும் போயின. பி.சி.ஓ. ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துச் சில்லறை கொடுத்தவர்களுக்கு அது வெறும் மஞ்சள் போர்டு இல்லை, குடும்பத்துச் சோறு. எந்த மைல்கல் பட்டியலிலும் அந்த இழப்பு வராது.

சரி, கடைசியில் காசுக் கேள்வி தீர்ந்ததா? 2018 கடைசியில் செல்போன் கம்பெனிகள் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. குறிப்பிட்ட நாளுக்குள் போடாவிட்டால் இன்கமிங்கும் நின்றுவிடும். யாருக்கும் போன் போடத் தெரியாத, திருப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் மகன் கூப்பிட்டால் பச்சைப் பட்டனை அமுக்க மட்டும் தெரிந்த பாட்டிகள் மேலூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களும் மாதா மாதம் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஹப்பர்டு 1877ல் போட்ட வாடகைதான் இது. பெயரை மட்டும் ரீசார்ஜ் என்று மாற்றியிருக்கிறார்கள்!