ஜி77 எழுதிய கிரெய்க் பர்லிக்கு, குத்தம்பாக்கத்திலிருந்து

மதிப்பிற்குரிய பர்லி அவர்களுக்கு,

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லி தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். வெளியூர்ப் பேருந்துகளுக்கென்று கட்டிய பெரிய நிலையத்தால் இப்போது பலருக்கும் இதன் பெயர் தெரியும். 90களின் கடைசியில் அப்படியில்லை. கம்பைலர் ஏதாவது எரர் சொன்னால், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க இங்கே ஆள் கிடையாது. பஸ் ஏறிப் பூந்தமல்லி பிரவுசிங் சென்டருக்குப் போனால், ஒரு பக்கம் திறப்பதற்குள் கட்டிய காசு தீர்ந்துவிடும். வீட்டில் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த ஒரு பென்டியம் இருந்தது. பிசி க்வெஸ்ட் இதழோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியும் இருந்தது. ஃபோர்ட்ரானுக்கு நீங்கள் எழுதிய ஜி77 கம்பைலரும் அதன் மேனுவலும் அப்படித்தான் எனக்குக் கிடைத்தன. இந்த மடல் முக்கியமாக அந்த மேனுவலுக்கு.

படிப்பின் புராஜெக்டுக்காக மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் ஒரு ஃபோர்ட்ரான் நிரலைக் கொடுத்திருந்தார்கள். வாக்ஸ் கணினியில் பிறந்தது. ஆய்வகத்தின் சன் ஒர்க்ஸ்டேஷனில் குடியேறியது. பிறகு ஃப்ளாப்பியில் என் வீட்டுக்கு வந்தது. அந்தக் கால யூனிக்ஸ்கள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சன் ஓஎஸ் 4-இல் ஒரு லைப்ரரியைக் கட்டி முடித்ததும் அதற்குப் பெயர்ப்பட்டியல் போடும் ரான்லிப் ஓட்டியாக வேண்டும். அதற்கு அடுத்து சன் கொண்டுவந்த சொலாரிஸில் அது தேவையில்லை. சொலாரிஸ் 2-இல் சி கம்பைலரைத் தனியே விலைக்கு விற்றார்கள். வாங்காதவர்கள் சிசி என்று அடித்தால் கட்டளை மட்டும் இருக்கும். அந்த மென்பொருள் இதில் நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். மேக் ஃபைலில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி விழுந்தால் அதற்கொரு திட்டு.

இவற்றையெல்லாம்விட ஆளைச் சுற்றலில் விட்டது அடிக்கோடு. டிஜெம் என்ற சப்ரூட்டீனின் பெயர் சன்னில், நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கரிடம் போகும்போது வாலில் ஓர் அடிக்கோட்டோடு போகும். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் வால் கிடையாது. பெயருக்குள் ஏற்கெனவே அடிக்கோடு இருந்தால் உங்கள் ஜி77 இரண்டு ஒட்டும். லைப்ரரி கண்ணெதிரே இருக்க, ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று லிங்கர் பக்கம் பக்கமாகக் கொட்டும். உங்கள் மேனுவலைப் படித்த பிறகுதான் அந்தக் குவியலில் பெயரை விட்டுவிட்டு வாலைப் பார்க்கக் கற்றேன்.

ஆனாலும் எரர் என்பது கத்திச் சொல்கிற நண்பன். கத்தாமல் கெடுப்பதுதான் பெரிய தொல்லை. அந்த நிரல் ஒருவழியாகச் சுத்தமாகக் கம்பைல் ஆனது. சன்னில் சரியான விடை தந்த அதே கணக்கு, என் பென்டியத்தில் சற்று நேரம் ஓடியதும் ஆற்றலின் இடத்தில் ‘நேன்’ என்று காட்டியது. எண்ணே இல்லை என்று பொருள். கம்பைலர்தான் கோளாறு என்று சுற்றியிருந்தவர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

உங்கள் மேனுவலில் ‘கலெக்டட் ஃபோர்ட்ரான் விஸ்டம்’ என்றொரு அத்தியாயம். வேறு கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் இங்கே வந்ததும் ஏன் தடுமாறுகிறது என்பதற்கான காரணங்களை அதில் ஒவ்வொன்றாக எழுதியிருந்தீர்கள். முந்தைய அழைப்பில் வைத்த மதிப்பு அடுத்த அழைப்பிலும் இருக்கும் என்று நம்பிவிடுவது அவற்றில் ஒன்று. எங்கள் நிரலில் நடந்தது அதுவேதான். விசையைக் கணக்கிடும் சப்ரூட்டீன் ஒரு வேரியபிளைச் சேவ் என்று அறிவிக்காமலேயே நினைவில் வைத்திருக்கப் பார்த்தது. சன்னின் கம்பைலர் அத்தகைய வேரியபிள்களை நிலையான இடத்தில் வைக்கும். அதனால் பிழை மறைந்திருந்தது. ஜி77 அதை ஸ்டாக்கில் வைத்தது. சப்ரூட்டீன் முடிந்ததும் மதிப்புக்கு உத்தரவாதம் இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ எழுதாமல் விட்ட ஒரு சொல்!

நோ ஆட்டோமேட்டிக் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் நிரல் அப்போதே ஓடிவிடும். அந்த வழியையும் நீங்களே சொல்லியிருந்தீர்கள். கூடவே, அளவுக்கு மீறி வசதியான ஆப்ஷன்கள் என்று ஒரு தலைப்புப் போட்டு, இவை பிழையைத் தீர்ப்பதில்லை, மூடி வைக்கின்றன என்று எச்சரித்தும் இருந்தீர்கள். தன் கம்பைலரின் உண்மையான பிழைகள், இல்லாத வசதிகள், பயனர்களுக்கு ஏமாற்றம் தரக்கூடியவை என்று தனித்தனிப் பட்டியல் போட்ட மேனுவலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கும் கம்பைலர்களோடு வந்த கையேடுகள் பெருமைகளை மட்டுமே அடுக்கும். நீங்களோ, கட்டிய வீட்டில் எங்கெங்கே ஒழுகும் என்று தானே சுண்ணாம்பால் குறிபோட்டுக் கொடுக்கும் கொத்தனார்.

நன்றியில் பங்கு பிரிக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அந்த மேக் ஃபைலைப் படிக்கும் மேக் கருவியை 1976-இல் எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன்தான் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸின் எஃப்77 கம்பைலரையும் எழுதியவர்களில் ஒருவர். ஃபோர்ட்ரானைச் சி மொழிக்கு மாற்றும், அங்கிருந்தே 1990-இல் வந்த எஃப்2சியின் லைப்ரரி, உங்கள் ஜி77-க்குக் கீழே இருந்து வேலை செய்தது.

2005-இல், ஜி77 இடம்பெற்றிருந்த ஜிசிசி தொகுப்பின் 4.0 பதிப்பு வந்தபோது ஜி77 விடைபெற்றது, ஜிஃபோர்ட்ரான் வந்தது. 2020-இல் ஜிசிசி 10, சப்ரூட்டீனுக்கு வகை பொருந்தாத ஆர்க்யுமென்ட் கொடுப்பதை எரராக்கியதும் உலகமெங்கும் பழைய அறிவியல் நிரல்கள் முரண்டு பிடித்தன. அலவ் ஆர்க்யுமென்ட் மிஸ்மேட்ச் என்று ஓர் ஆப்ஷன் கொடுத்தால் எரர் வெறும் எச்சரிக்கையாக இறங்கிவிடும். பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து என்னிடம் வரும் பிள்ளைகள் அதைக் கையோடு கொண்டுவருகிறார்கள். “இது போதுமே, சார்?” என்கிறார்கள். அழைப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதைப் பற்றி உங்கள் அத்தியாயத்தில் இருக்கும் பகுதியின் அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுக்கிறேன். சிலர் படிக்கிறார்கள். சிலர் ஆப்ஷனைப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. சமர்ப்பிக்கும் தேதி அப்படி.

பிழை கண்டால் எப்படி எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று மேனுவலில் விரிவாகவே சொல்லியிருந்தீர்கள். அன்று என்னிடம் இமெயில் இல்லை. தெரிவிக்க ஜி77-இல் எனக்குப் பிழை எதுவும் அகப்படவும் இல்லை. எழுத நன்றி மட்டும்தான் இருந்தது. அதை இப்போது எழுதிவிட்டேன்.

அன்புடன்,
குத்தம்பாக்கத்துப் பழைய ஃபோர்ட்ரான்காரன்