ஒரம்பரை வர்ற வீடு

எங்க ஊர்ப்பக்கம் விருந்தாளிக்கு ஒரம்பரைன்னு பேரு. ஈரோடு, கோபி, சத்தி பக்கம் வந்தீங்கன்னா இந்த வார்த்தை இன்னமும் காதுல விழும். ஒரம்பரை வந்தா முதல்ல சொம்புல தண்ணி, அப்புறம் காப்பி. காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள உள்ளே அரிசி களைஞ்சு உலையில போட்டிருப்பாங்க. "இப்பத்தான் சாப்பிட்டுட்டு வர்றனுங்க"ன்னு சொன்னா எந்த வீட்டிலயும் நம்ப மாட்டாங்க. போதும்னு இலைமேல கையை வெச்சு மறைச்சா கைமேலயே குழம்பை ஊத்துற ஊரு இது. வேண்டாம்னு சொன்னா, பசி இல்லைன்னு எடுத்துக்க மாட்டாங்க, ஏதோ மனஸ்தாபம்னு எடுத்துக்குவாங்க. கல்யாணத்துல சரியா சாப்பிடாம போன பங்காளியைப் பத்தி மூணு வருஷம் பேசுன குடும்பம் எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஊர்ல பெருங்குடல்ல புண்ணை வெச்சுக்கிட்டு, கூட்டாளிகளைக் கூப்பிட்டு ரெண்டு ராத்திரி தங்க வெச்சு அனுப்புறது எப்படின்னு பத்து வருஷத்துக்கு மேல கத்துக்கிட்டிருக்கேன்.

2014 தை மாசம், மஞ்சள் வெட்டு நடந்துக்கிட்டிருந்தப்ப முதல் தடவை ரத்தம் பார்த்தேன். ரத்தம் போனா எங்க ஊர்ல அது மூலம்தான், வேற பேச்சே கிடையாது. துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, மோருன்னு நாலு மாசம் ஓடுச்சு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு தடவை போக வேண்டி வந்து, எடை 11 கிலோ இறங்கினப்புறம் கோயமுத்தூர்ல குடல் டாக்டரைப் பார்த்தோம். பொடி கலக்கின தண்ணியை ரெண்டு லிட்டர் குடிக்க வெச்சு வயித்தைக் கழுவி, பின்பக்கமா கேமரா வெச்ச குழாயை விட்டுப் பார்த்தாங்க. துளியூண்டு சதை எடுத்து டெஸ்ட்டுக்கும் அனுப்பினாங்க. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு எழுதிக் குடுத்தாங்க.

இந்தப் பேர்லயே ஒரு தொந்தரவு இருக்குங்க. அல்சர்னு சொன்ன உடனே எல்லாரும் இரைப்பைப் புண்ணுன்னு நினைச்சுக்குவாங்க. "நேரத்துக்கு சாப்பிடறதில்லையாட்ட இருக்குது, பால் குடி"ன்னு ஆரம்பிச்சிருவாங்க. இது அதில்லை. வெளியில இருந்து வர்ற நோயோட சண்டை போட வேண்டிய சக்தி, ஆள் தெரியாம நம்ம பெருங்குடலோட உள்தோலையே தாக்குது. மலக்குடல்ல ஆரம்பிச்சு மேல ஏறும், சிலருக்குப் பெருங்குடல் முழுக்கப் பரவும். ஏன் வருதுன்னு முழுசா இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை. காரம் தின்னதால வந்ததில்லைன்னு டாக்டர் சொன்னப்ப என் சம்சாரம் அழுதுட்டா. நாலு மாசமா ஊரே அவ சமையலைத்தான் குத்தம் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

இது அடங்கும், மறுபடி கிளம்பும். அடங்கியிருக்கிறப்ப மாசக்கணக்கா, சிலருக்கு வருஷக்கணக்கா சாதாரண மனுஷன் மாதிரி இருக்கலாம். ஆனா மெசலமைன் மாத்திரையை நாமளா நிறுத்தக் கூடாது. கிளம்பினா ஸ்டீராய்டு குடுப்பாங்க, அதைப் படிப்படியா குறைச்சுத்தான் நிறுத்தணும். எட்டு வருஷம் தாண்டினவங்க, புத்துநோய் ஏதாவது தலைகாட்டுதான்னு அப்பப்போ கேமரா விட்டுப் பார்த்துக்கணும். எனக்கு 2023ல பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை.

வலி, ரத்தம் எல்லாத்தையும்விடப் பெரிசு அந்த அவசரம்தான். வருதுன்னு தோணினா ரெண்டு நிமிஷம்கூடத் தாங்காது. பஸ்ல போறதை விட்டேன். பத்திரம் எழுதப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் கண்ணு முதல்ல தேடுறது கக்கூஸ் எங்கேன்னுதான்.

இனி கூட்டாளிகளுக்கு வர்றேன். 1986ல நாங்க அஞ்சு பேரும் ஒண்ணா பத்தாவது முடிச்சோம். நான் ஒருத்தன்தான் ஊரோட தங்கினேன். ஒருத்தன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், ஒருத்தன் கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறை வெச்சிருக்கான், ஒருத்தன் வாத்தியார், ஒருத்தன் பேங்க்ல இருந்து இப்ப ரிட்டயர் ஆயிட்டான். பேரு போட்டா சண்டைக்கு வருவானுக, அதனால லேத்துக்காரன், பனியன்காரன்னே வெச்சுக்கறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி மாசம் மஞ்சள் வேலை ஓய்ஞ்சதும் நாலு பேரும் தோட்டத்துக்கு வந்து ரெண்டு ராத்திரி தங்குவானுக. வாய்க்கால்ல குளியல், வேப்ப மரத்தடியில கயித்துக் கட்டில், நாட்டுக்கோழி தண்ணிக் குழம்பு, விடிய விடியப் பேச்சு.

நோவு வந்தப்புறம் 2015லயும் 2016லயும், மஞ்சள் வேகவைக்கிற வேலை முடியலைன்னு சொல்லி நான் யாரையும் கூப்பிடலை. அடுத்த வருஷமும் அதே பேச்சை எடுத்தப்ப சம்சாரம் கேட்டா, "ஏனுங்க மாமா, எத்தனை வருஷத்துக்கு ஒரே மஞ்சளை வேகவெப்பீங்க?"

கூப்பிடறதுன்னா ரெண்டு விஷயத்துக்கு வழி பண்ணணும். ஒண்ணு கக்கூஸ், இன்னொண்ணு சாப்பாடு.

எங்க தோட்டத்து வீட்ல இருந்தது ஒரே கக்கூஸ், கட்டுத்தறிக்குப் பக்கத்துல, வாசல்ல இருந்து நாப்பது எட்டு. எங்க அப்பாரு காலத்துல எல்லாரும் காட்டுக்குப் போனாங்க. யார் எத்தனை தடவை போனாங்கன்னு எவனும் எண்ணலை. காட்டுக்குப் போறது நல்ல பழக்கம்னு நான் சொல்ல வரலை, ஆனா என்னை மாதிரி ஒரு நோவாளிக்கு அதுல ஒரு மறைவு இருந்திருக்கும். இப்ப அஞ்சு ஆம்பளைக தூங்கி எந்திரிக்கிற காலையில ஒரே கதவுன்னா, உள்ளே ஒருத்தன் பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறப்ப வெளியே என் பாடு என்னாகும்?

சொட்டுநீர் போடறதுக்குச் சேர்த்து வெச்ச பணத்துல 62,000 எடுத்து, நாங்க படுக்கிற ரூமை ஒட்டியே இன்னொரு கக்கூஸ் கட்டினேன். பையன் சென்னையில இருக்கான், வீட்ல நாங்க ரெண்டே பேரு. "ரெண்டு பேருக்கு ரெண்டு கக்கூஸா, கவுண்டரே?"ன்னு கொத்தனார் சிரிச்சாரு. மேல காத்தாடி ஒண்ணு வெச்சுத் தரச் சொன்னேன். அது நாத்தத்துக்குன்னு அவர் நினைச்சாரு. எனக்கு அது போடுற சத்தம்தான் வேணும். இந்த நோவுல காத்தும் சளியுமா போறப்ப வர்ற சத்தம் பக்கத்து ரூம்ல இருக்கிறவனுக்குக் கேக்கும். டவுன்ல இருந்து படிக்கிறவங்களுக்கு இது அருவருப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. இந்த நோவு இருக்கிறவங்களுக்கு நான் எதைச் சொல்றேன்னு தெரியும்.

சாப்பாட்டுக்கு முதல்ல ஒரு தந்திரம் வெச்சிருந்தேன். வீட்டுக்காரன் நின்னு பரிமாறி, ஒரம்பரை எந்திரிச்சப்புறம் உக்காந்து சாப்பிடறது எங்க வழக்கம்தான். அதைப் பிடிச்சுக்கிட்டேன். "நீங்க உக்காருங்கடா, நான் போடறேன்." முதல் நாள் செல்லுபடியாச்சு. ரெண்டாம் நாள் லேத்துக்காரன் கரண்டியைப் பிடுங்கி வெச்சுட்டு, "நாங்க என்றா சம்பந்தி வீட்டுக்காரங்களா? உக்காரு"ன்னு இழுத்து உக்கார வெச்சுட்டான். இலையில அதே கோழிக் குழம்பு, அதே பச்சை வெங்காயம். நாலு பேர் கண்ணும் என் இலைமேல.

எனக்கு எது ஒத்துக்கும் எது ஒத்துக்காதுன்னு நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்கேன். பச்சை வெங்காயம், கொள்ளு, பால், குடல் கறி ஆகாது. இதுல ஆளாளுக்கு வித்தியாசம் உண்டு, என் நோட்டு இன்னொருத்தருக்கு உதவாது. நோவு கிளம்பியிருக்கிறப்ப கீரை, நார் எல்லாத்தையும் ஒதுக்கிட்டு குழைஞ்ச சாதம், இட்லி, தோல் சீவின சுரைக்காயோட நிறுத்திக்குவேன். அடங்கியிருந்தா எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடலாம்.

இதுக்கு சம்சாரம் கண்டுபிடிச்ச வழி அரிசிம்பருப்பு. கொங்கு நாட்ல இது அன்னாடம் செய்யற சாப்பாடு. அரிசியும் துவரம் பருப்பும் சேர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சத்தூள் போட்டு ஒரே பாத்திரத்துல வேகவெச்சு மேல நெய் ஊத்தறது. மிளகாயைக் குறைச்சு, கொஞ்சம் குழைய விட்டா எனக்கும் ஆகும். ஒரம்பரைக்கு அரிசிம்பருப்பா போடறதுன்னு அவளுக்கே முதல்ல கூச்சம். ரெண்டாம் நாள் ராத்திரி எல்லாருக்கும் அதையே போட்டா. மத்தியானக் கறி இன்னும் செரிக்காத நாலு பேரும் மூணாவது தடவை வாங்கிச் சாப்பிட்டானுக. அன்னைக்கு என் இலையை ஒருத்தனும் பார்க்கலை.

ஆனா விஷயத்தை முழுசா சொன்னது 2022ல தான். அந்த மாசியில அவனுக வர்ற அன்னைக்குக் காலையிலயே மறுபடி ரத்தம். அஞ்சு மணியில இருந்து எட்டு மணிக்குள்ள ஆறு தடவை போயிட்டேன். அவனுக திருப்பூர்ல இருந்து கார்ல கிளம்பிட்டானுக. "வேண்டாம்னு சொல்லிருங்க மாமா, கோவிச்சுக்க மாட்டாங்க"ன்னா சம்சாரம். போனை எடுத்து வாத்தியாரைக் கூப்பிட்டேன். வயிறு சரியில்லைன்னு சொல்லி முடிச்சிருக்கலாம். என்னமோ அன்னைக்கு எல்லாமே வாயில வந்துருச்சு. ரத்தம் போறது, ராத்திரியில வேட்டி மாத்த வேண்டி வர்றது, எட்டு வருஷமா மாத்திரை திங்கிறது, எல்லாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கார் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"செரி, இப்ப நாங்க என்ன பண்ணணும்?"னு கேட்டான்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். வந்து இருங்க. நான் பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போனா எங்கேன்னு கேக்காதீங்க. அது போதும்."

வந்தானுக. லேத்துக்காரன் கோழியை அவனே அறுத்து அவனே குழம்பு வெச்சான். உப்பு அதிகம், ஆனா எனக்கு அதுல பங்கு இல்லாததால நான் ஒண்ணும் சொல்லலை. பேங்க்காரன் சாயங்காலம் பால் கறக்கறேன்னு போய் எருமைகிட்ட உதை வாங்கிட்டு வந்தான். நான் வாசல் கட்டில்ல உப்புச் சக்கரைத் தண்ணியை வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். தூக்கம் வர்றப்ப தூங்கினேன், முழிச்சப்ப பேச்சு எங்கே போயிருக்கோ அங்கே சேர்ந்துக்கிட்டேன். எந்திரிச்சுப் போறப்ப ஒருத்தனும் திரும்பிப் பார்க்கலை. பேச்சை நிறுத்தவும் இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பெரிசாத் தெரிஞ்சது.

எல்லாரும் அப்படி இல்லை. பனியன்காரன் வந்ததுல இருந்து ஒரு மாதிரியாவே இருந்தான். தனியா கூப்பிட்டு, "இது ஒட்டுவாரொட்டியா?"ன்னு கேட்டான். இல்லைடா, இது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வர்ற நோயே இல்லைன்னு விளக்கமா சொன்னேன். தலையை ஆட்டினான். ஆனா அன்னைக்கு எங்க வீட்டு டம்ளர்ல அவன் தண்ணி குடிக்கலை. கார்ல இருந்து பாட்டில் எடுத்துட்டு வந்தான். சம்சாரம் அதைப் பார்த்துட்டா. மறுநாள் காலையிலயே கம்பெனியில வேலைன்னு கிளம்பிட்டான். அதுக்கப்புறம் ஒரு மாசிக்கும் வரலை. தீபாவளிக்குப் போன் பண்ணுவான், நல்லாத்தான் பேசுவான். எனக்கு அவன்மேல கோவம் இல்லைன்னு சொன்னா அது பொய். ஏழாவது படிக்கிறப்ப ஒரே தூக்குப்போசியில கம்மஞ்சோறு தின்ன ஆளுங்க நாங்க.

மத்தவங்க அன்பு வேற தினுசு. வாத்தியார் கத்தாழைச் சாறு பாட்டில் வாங்கிட்டு வந்தான். லேத்துக்காரன் சம்சாரம் மாதுளம்பழத் தோலைக் காயவெச்சுப் பொடி பண்ணி அனுப்புச்சு. எல்லாத்தையும் வாங்கி அலமாரியில வெச்சுக்குவேன். "மஞ்சள் வெள்ளாமை பண்றவனுக்கே குடல்ல புண்ணா?"ன்னு கேக்காத ஆளே இல்லை. டாக்டர்கிட்ட நானே கேட்டேன். மஞ்சள்ல இருக்கிற குர்குமினை வெச்சு இந்த நோவுக்கு ஆராய்ச்சி நடந்திருக்குன்னாரு, ஆனா அதை நம்பி மாத்திரையை விட்டுறாதீங்கன்னும் சேர்த்துச் சொன்னாரு. விக்கிற மஞ்சளை வித்துட்டு மாத்திரை வாங்கிக்கிட்டிருக்கேன்.

உங்க சொந்தத்துல, கூட்டாளிகள்ல இப்படி ஒருத்தர் இருந்து அவங்க வீட்டுக்குப் போறீங்கன்னா, போறதுக்கு முந்தின நாள் ஒரு போன் போடுங்க. திடீர்னு போய் நிக்காதீங்க. அவங்க தட்டுல என்ன இருக்குன்னு பார்க்காதீங்க, இன்னும் கொஞ்சம் சாப்பிடுன்னு ஊட்டாதீங்க. காலையில அவங்களை முதல்ல கக்கூஸ் போக விடுங்க. கிளம்பறப்ப சீக்கிரம் கிளம்புங்க. ரெண்டு நாள் சிரிச்சுப் பேசினதுக்கு அடுத்த ஒரு நாள் முழுக்க நான் படுத்தே கிடக்க வேண்டியிருக்கு. அந்த நாளும் சேர்த்துத்தான் விருந்துக் கணக்குன்னு சம்சாரம் சொல்லுவா. அன்னைக்கு எருமை கறக்கிறது அவதான்.

இந்த வருஷமும் மாசி ரெண்டாவது வாரம் மூணு பேரும் வர்றதாச் சொல்லியிருக்கானுக. நோவு எட்டு மாசமா அடங்கியிருக்கு. லேத்துக்காரன் ரெண்டு நாட்டுக்கோழி அவனே கொண்டு வர்றானாம், உப்பு மட்டும் எங்க சம்சாரம் போடட்டும்னு சொல்லிட்டேன். பனியன்காரனுக்கும் எல்லா வருஷத்தையும் போலத் தேதியை அனுப்பியிருக்கேன். பார்த்துட்டான்னு ரெண்டு நீலக் கோடு வந்திருக்கு, பதில் வரலை. பின்னாடி கக்கூஸ்ல குழாய் ஒண்ணு ஒழுகுது, அதுக்கு ஆளை வரச் சொல்லியிருக்கேன்.