கசப்பின் பாத்திரம்

ஜெர்மானியத் தேவாலயங்களில் ஆண்டிறுதியில் பாடப்படும் பாடலொன்று, 1944 டிசம்பரில் பெர்லினின் கெஸ்டபோ சிறையில் எழுதப்பட்டது. எழுதியவர் இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். 1939இல் நியூயார்க்கில் பாதுகாப்பாகத் தங்கிவிட வாய்த்தும் சில வாரங்களிலேயே நாடு திரும்பியவர். 1943 ஏப்ரலில் கைதானார். மணமுடிக்கவிருந்த மரியாவுக்கு எழுதிய கடிதத்தோடு இப்பாடலை அனுப்பினார்.

ஏழு சரணங்கள். கசப்பின் பாத்திரம் நீட்டப்பட்டால் நடுங்காமல் வாங்கிக்கொள்வோம் என்கிறது ஒன்று. இவ்வுலகின் மகிழ்ச்சியை மறுபடி தந்தால் எங்கள் வாழ்வு முழுவதும் உமக்கே என்கிறது அடுத்தது. (அந்த ஆசையை அவர் மறைக்காததாலேயே முந்தைய சரணத்தை எங்களால் நம்ப முடிந்தது.) தப்புவிக்கப்படுவோம் என்ற உறுதி எங்குமில்லை, தேவன் உடனிருக்கிறார் என்பது மட்டுமே. 1945 ஏப்ரல் 9 அன்று, 39ஆம் வயதில், ஃப்ளாசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

எங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அவற்றில் பெரும்பாலும் ஆசீர்வாதமும் பெருக்கமுமே இருக்கும், பாத்திரம் அச்சாவதில்லை. அம்மா படுக்கையில் கிடந்த ஆண்டும் அப்படித்தான். எங்களுக்கு வந்த அட்டைகளை அவர் முன் வாசிக்க நா எழவில்லை. போன்ஹோஃபரின் பாடலை, தெரிந்த அளவில் தமிழாக்கி வாசித்தோம்.

"அவர விட்டுட்டாங்களா?" என்று கேட்டார் அம்மா.

இல்லை என்றோம்.

சற்றுநேரம் கூரையைப் பார்த்திருந்துவிட்டு, "இன்னொரு தரம் வாசிங்க" என்றார்.