அவசரப் பிரிவிலிருந்து 140 அடி

காலை ஒன்பதரைக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை வாசலில் பைக்கை நிறுத்தி டோக்கனுக்குப் பத்து ரூபாய் கொடுத்தேன். வீட்டில் அடிபட்ட, அல்லது பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எந்த வழியாகப் போக வேண்டும், யார் யாரிடம் நிற்க வேண்டும் என்று நடந்தே பார்ப்பதுதான் எண்ணம். முன்பே அனுமதி வாங்கியிருந்தேன். அப்படியொரு குழந்தை உள்ளே இருந்தால் நான் வெளியே போய்விட வேண்டும் என்பது நிபந்தனை. நியாயம்தான்.

முதலில் அவசரப் பிரிவு. நுழைந்ததும் ஏ.ஆர். மேசை. சந்தேகம் தரும் எந்தக் காயமும் அங்கிருக்கும் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் ஏறி, ஒரு நகல் போலீஸுக்குப் போகும். "எதையும் ரகசியமாத்தான் கேட்போம் சார்" என்றார் மேசையில் இருந்தவர். நான் நான்கடி தள்ளி நின்றேன். அடுத்து வந்த அம்மாவை நாய் எந்தத் தெருவில், எந்தக் காலில் கடித்தது என்பது வரை எனக்குக் கேட்டது. பெஞ்சில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவருக்கும் கேட்டிருக்கும்.

குழந்தைகள் மருத்துவர் பத்தரைக்கு வந்தார். கையில் ஆறிப்போன டீ. "கதையும் காயமும் ஒத்துப்போகுதான்னுதான் மொதல்ல பார்ப்பேன்" என்றார். நடக்கப் பழகும் குழந்தைக்கு முழங்காலும் நெற்றியும் அடிபடும். தவழவே தொடங்காத குழந்தைக்குக் கன்றிப்போன தழும்பு ஏன் வர வேண்டும்? காது, கழுத்து, வயிறு இந்த இடங்களில் இருந்தால் அவருக்குச் சந்தேகம் வரும். வெந்நீர் தானாகக் கொட்டினால் சிதறிச் சிதறிக் கொப்புளிக்கும். காலைப் பிடித்து முக்கினால் சாக்ஸ் போட்ட மாதிரி ஒரே அளவில் கோடு விழும். தாளில் வரைந்தே காட்டினார். இரண்டு வயதுக்குள் என்றால் உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுத்து, ஆறிய பழைய முறிவு இருக்கிறதா என்று தேடுவார்களாம். தலையில் அடி என்றால் கண்ணின் விழித்திரையில் ரத்தக் கசிவு பார்ப்பார்கள். 1962இல் ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் இப்படி அடிபடும் குழந்தைகளின் நிலைக்கு ஒரு பெயர் வைத்துக் கட்டுரை எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் இதை உற்றுப் பார்க்கத் தொடங்கியது.

"அவசரப்பட்டும் சொல்லக்கூடாது" என்று நிறுத்தினார். நம் குழந்தைகள் பலருக்கு இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே நீல மச்சம் இருக்கும். அதை அடித்த தழும்பு என்று எழுதிவிட்டால் ஒரு குடும்பமே சிக்கிக்கொள்ளும்.

பாலியல் கொடுமை என்றால் தனி அறை. "பக்கத்துலதான்" என்றார்கள். எண்ணிக்கொண்டே நடந்தேன்: 140 அடி. எக்ஸ்ரே வரிசையையும் வடை வாசனை அடிக்கும் கேன்டீனையும் தாண்டித்தான் போக வேண்டும். அறை பூட்டியிருந்தது. சாவி வர 11 நிமிடம்.

உள்ளே சுவரில் சோட்டா பீம் ஓவியம், ஒரு கண் போன பொம்மை, படி வைக்காத உயரமான கட்டில். புது கலர் பென்சில் டப்பா ஒன்றும் இருந்தது. "அறுபது ரூபா சார், நாந்தான் வாங்கி வச்சேன்" என்றார் சிஸ்டர். அலமாரியில் பஞ்சுக் குச்சிகள், உறைகள், முத்திரை வைக்க அரக்கு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் தொடர வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். இரண்டு விரல் சோதனை செய்பவர் தவறிழைத்தவராகவே கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியாகிவிட்டது. இங்கே பழைய படிவத்தில் அந்தச் சோதனைக்கான வரியைப் பேனாவால் அடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு படிவக் கட்டு மட்டும் அடிக்காமல் விட்டுப்போயிருந்தது. காட்டினேன், சிஸ்டர் அங்கேயே உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார்.

"குழந்தைகிட்ட ஒரே தடவைதான் கேட்போம்" என்றும் சொன்னார். நான் விரல் விட்டு எண்ணினேன்: ஏ.ஆர். மேசை, டியூட்டி டாக்டர், குழந்தைகள் டாக்டர், பெண் டாக்டர், போலீஸ், குழந்தைகள் நலக் குழு, மாஜிஸ்திரேட். ஏழு.

திரும்பும் வழியில், போகும்போது கவனிக்காத ஒரு தாள் பெண்கள் பிரிவு ஜன்னலில் கண்ணில் பட்டது. செலோ டேப் மஞ்சளாகியிருந்தது. "போலீஸ் மெமோவுடன் வரவும்." யார் ஒட்டியது என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூவருக்கும் தெரியவில்லை.

அந்தத் தாள் சட்டத்துக்கு நேர் எதிரானது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, 27ஆம் பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். சிறுமி என்றால் பெண் மருத்துவர்தான், கூடவே குழந்தை நம்பும் ஒருவர் இருக்க வேண்டும். 2020 விதிகளின்படி அவசர சிகிச்சைக்கு எந்தக் கடிதமும் கேட்கக் கூடாது. போலீஸுக்குச் சொல்ல வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

உங்கள் ஊர் மருத்துவமனையில் யாராவது மெமோ கேட்டால் திரும்பிப் போய்விடாதீர்கள். அங்கேயே நின்று குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்கள்.