வேலை முடிந்த பின்னர்

மும்பையில் இரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் நாம், சென்ற ஆண்டு நம் மைத்துனனை நெல்லையிலிருந்து வரவழைத்து, மாடிக் கட்டிடம் எழும் ஓரிடத்தில் கான்கிரீட் பம்பு உதவியாளனாகச் சேர்த்துவிட்டோம். சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தோமேயன்றி, வேலை யாது என விசாரித்தோமில்லை.

ஒருநாள் மாலை இடக்கண்ணில் கட்டுடன் வந்து நின்றான்.

"பந்து வருகிறதா பார் என்றார்கள், அத்தான். குழாய் வாயருகே நின்றேன்."

பின்னரே விவரம் அறிந்தோம். கான்கிரீட் செல்லும் இரும்புக் குழாய் பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் விட்டமுடையது. வேலை முடிந்ததும், உள்ளே தங்கிய கலவை இறுகுமுன் அதனை வெளியேற்றியாக வேண்டும். அதற்கென ஸ்பாஞ்சுப் பந்தொன்றை உட்செலுத்தி, நீராலோ அழுத்திய காற்றாலோ தள்ளுவர். நீர் எளிதிற் சுருங்காது. வழி திறந்ததும் அதன் விசை தணிந்துவிடும். காற்றோ சுருங்கிக் கிடந்து, வழி கிடைத்த கணமே விரிந்து பாயும். அப்போது பந்தும் கல்லும் குண்டெனத் தெறிக்கும். முனையிலுள்ள ரப்பர்க் குழாய் சாட்டையெனச் சுழன்றடிக்கும்.

இரயில்வேயில் இஃது அறியாத செய்தியன்று. பெட்டிகளை இணைக்கும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் உண்டு. இருபுறத்து அடைப்பான்களையும் மூடிய பின்னரே அதனைக் கழற்ற வேண்டும் என்பது விதி. அவ்விதியைப் பலமுறை படியெடுத்த நம் கை, வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தவறியதே!

உடன் வேலை செய்த பீகார்த் தோழரொருவர் நெடுநேரம் நீர்விட்டுக் கழுவியதால் கண் பிழைத்தது. சிமெண்டுக் கலவை சுண்ணாம்பைப் போன்றே கண்ணை அரிக்கவல்லது.

அவன் மீண்டும் அதே வேலைக்குச் செல்ல விரும்பினான். நம் இல்லாள் அழுதாள். நாம் மேற்பார்வையாளரிடம் சென்று முறையிட்டோம்: "இயன்றவரை நீராலேயே கழுவுங்கள். காற்றுதான் என்றால், முனையிலுள்ள ரப்பர்க் குழாயை முதலிற் கழற்றிவிடுங்கள். வாயிற் பந்து பிடிக்கும் கூடையைப் பூட்டுங்கள். அதன் எதிரே எவரையும் நிறுத்தாதீர்கள். காற்று முழுவதும் வெளியேறும் முன் எந்த இணைப்பையும் திறக்காதீர்கள். கண்ணாடியும் கையுறையும் கொடுங்கள்."

அவர் நகைத்தார். ஆயினும் மறுவாரமே கூடை வந்து சேர்ந்தது.

இப்போது நாள்தோறும் அவன் படியேறும்போதே, "கூடை பூட்டினாயா?" என்று வினவுகிறோம். "பூட்டினேன், அத்தான்" என்ற விடை வந்த பின்னரே இலை போடப்படுகிறது.

அன்பர்களே! ஊரிலிருந்து பிள்ளைகளை வரவழைத்து வேலையில் அமர்த்தும் நாம், வேலை முடிந்த பின்னர் அவர்கள் செய்ய வேண்டுவது யாது என்பதையும் கேட்டறிவோமாக. எல்லாம் முடிந்தது என்று மனம் தளரும் அந்த வேளையிலேதான் ஆபத்து காத்திருக்கிறது.