குதிகால் ஆடக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

குட்டி ஸ்கேட்டிங் பழகுகிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கணுக்கால் இரண்டும் உள்பக்கமாகச் சாய்கிறது. "அவளுக்குக் காலில் வலு போதவில்லை போல" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஷூவுக்குள் குதிகால் நிற்கவில்லை. நம் வீட்டு வழக்கப்படி "வளர்ற பிள்ளை" என்று ஒரு சைஸ் கூட்டித்தானே வாங்கினாய்?

பள்ளிக்கூட ஷூவுக்கு அது சரி. ஸ்கேட்டுக்கு ஆகாது. அடியில் இருக்கிற பிளேடின் அகலமே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அதன் விளிம்பை வைத்துத்தான் அவள் திரும்புவதும் நிற்பதும். உள்ளே குதிகால் எழும்பினால் கால் ஒரு பக்கம் போகும், பிளேடு ஒரு பக்கம் போகும். காம்பு ஆடுகிற அரிவாளை வைத்துக்கொண்டு விறகு வெட்டச் சொன்னால் யாருக்குத்தான் வரும்? தோல் உராய்ந்து கொப்புளம் வேறு கிளம்பும். ஆட்டம் நிற்கட்டும் என்று லேஸை மேலும் மேலும் இறுக்கினால் கணுக்காலின் முன்பக்கம் வலியெடுக்கும். கனமான சாக்ஸ் போட்டு இடத்தை அடைக்கவும் பார்க்காதே. அது நசுங்கியதும் பழைய கதைதான். மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும்.

ஹாக்கி ஸ்கேட் பெரும்பாலும் நாம் போடுகிற ஷூவைவிட ஒன்று, ஒன்றரை சைஸ் குறைவாகவே வரும். ஃபிகர் ஸ்கேட்டுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். அதனால் எண்ணைப் பார்த்து வாங்காதே, காலை வைத்துப் பார். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளச் சொல். விரல்கள் முனையைத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் உன் ஒரு விரலுக்கு மேல் நுழைந்தால் பெரிசு. வளர்வதற்கென்று அரை சைஸுக்கு மேல் விடாதே.

அடுத்து, உட்கார்ந்தபடி குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் ஒட்ட உட்காரவைத்து லேஸ் கட்டு. விரல் பக்கம் சற்று இளக்கம், கணுக்கால் மடிகிற இடத்தில் நல்ல இறுக்கம், உச்சியில் மறுபடி கொஞ்சம் தளர்வு. மடிப்பில் லேஸை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தால் கீழே இறுக்கியது நழுவாது. எழுந்து நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முனையை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும். மடக்கியபடியே குதிகாலைத் தூக்கப் பார்க்கச் சொல். தூக்க வந்தால் அந்த ஷூ வேண்டாம்.

நீளம் சரியாக இருந்தும் எழும்பினால், உள்ளே அகலம் கூட என்று பொருள். பாவர் கம்பெனி ஒரே சைஸிலேயே ஃபிட் 1, 2, 3 என்று வைத்திருக்கிறது. ஒல்லிக் காலுக்கு 1. நம் குட்டிக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். சில ஸ்கேட்டுகளைக் கடையிலேயே ஓவனில் சூடாக்கிக் காலுக்கு அமைத்துத் தருவார்கள். ஆறும்வரை எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெரிய ஷூவை அது சின்னதாக்காது. வீட்டு ஓவனில் வைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

புதுசுதான் வாங்க வேண்டும் என்றில்லை. ஒட்டாவாவில் பிள்ளைகள் போட்டுக் கழித்த ஸ்கேட் நிறையக் கிடைக்கும். அளவான பழசு, தொளதொளக்கும் புதுசைவிட எவ்வளவோ மேல். கணுக்கால் பக்கம் துவண்டு போயிருக்கிறதா என்று மட்டும் அழுத்திப் பார்த்து வாங்கு.

ரீடோ கால்வாயை ஸ்கேட்டிங்குக்குத் திறப்பதற்குள் இதை முடித்துவிடு. பனிக்கட்டி 30 சென்டிமீட்டர் உறைந்தால்தான் விடுவார்கள். 2023 குளிர்காலத்தில் திறக்கவே இல்லை. இந்த வருஷம் திறந்தால் 7.8 கிலோமீட்டரில் கொஞ்ச தூரமாவது குட்டியோடு நானும் வருகிறேன். "ஒரு வருஷத்துக்குத்தானா இந்த ஷூ?" என்று அம்மா போனில் கேட்பாள். நீ வாயைத் திறக்காதே, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா